மலையின் மறுபக்கம் இறங்கிய நாள்

அன்புள்ள தம்பி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஞாயிறு தவறாமல் நீ அம்மாவுக்கு எடுக்கிறாய், நானும் நன்றாகத்தான் கதைக்கிறேன். பிரச்சினையே அதுதான். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. "நல்லா இருக்கிறன், சாப்பிட்டிட்டன், வெயில்தான் கொஞ்சம் கூட" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிடுகிறது. பேனையைக் கையில் எடுத்தால் அப்படி வருவதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகக் கிளினிக் புத்தகங்களில் தாய்மாரின் நிறையையும் இரத்த அழுத்தத்தையும் உள்ளது உள்ளபடி எழுதிப் பழகிய கை இது. அதனால் மூன்று நாட்களாக, காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுதியதை முதலிலிருந்து வாசித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வரியைத் தொடங்குகிறேன். ஏன் என்பது போகப்போக உனக்கு விளங்கும்.

கனடாவுக்கு என்னை எடுப்பதற்காக நீ அனுப்பிய படிவங்கள் அலுமாரிக்குள் கவரோடு இருக்கின்றன. கையெழுத்துப் போட்டாயிற்றா என்று நீ கேட்கும்போதெல்லாம் கண்ணாடி மாற்றவேண்டும், படம் எடுக்கவேண்டும் என்று ஏதாவது சொல்லித் தப்பி வந்தேன். உன் கேள்விக்கு நேரான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் பங்குனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். மறுநாள் நீ எடுத்தபோது என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாய். பூசைக்குச் சேர்ச்சுவரை நடந்து போய் வந்த களைப்பு என்றேன். அன்று நான் பூசைக்கே போகவில்லை. முதல் நாள் மலை ஏறி, இறங்கவேண்டிய பக்கம் இறங்காமல் மறுபக்கம் இறங்கிய களைப்பு அது.

எந்த மலை என்று உனக்குத் தெரியும். அன்புவழிபுரத்து வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நடுவில் பள்ளம் விழுந்து கிடக்குமே, சின்ன வயதில் நீ 'பல்லு விழுந்த மலை' என்று சொல்லுவாய், அதுதான். கன்னியா வீதியால் ஓட்டோவில் போனால் அரை மணித்தியாலத்தில் அடிவாரம். இவ்வளவு கிட்ட இருந்தும் நீ ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏறுகிற வயதில் அது மூடிக் கிடந்தது. திறந்தபோது நீ போய்விட்டாய். நான் மருத்துவிச்சியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மலைக்கு மறுபக்கம் முப்பது குடும்பம் வரை இருந்த ஒரு சின்ன ஊர் எனக்குத் தந்த பிரிவுக்குள் வந்தது. மழைக்காலத்தில் வீதியால் சுற்றிப் போனால் அரை நாள் எடுக்கும். மலையின் அந்தப் பள்ளத்தால் ஏறி இறங்கினால் இரண்டு மணித்தியாலம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியால்தான் போவேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கும் முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாத வயது.

அந்தப் பள்ளத்தில் ஒரு சுனை இருக்கிறது. சுனையைச் சுற்றி ஐந்து பாலை மரங்கள். பாலையை நீ பழமாகத்தான் அறிவாய். வைகாசி, ஆனியில் வீதியோரத்தில் பேணியால் அளந்து விற்பார்கள், தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மரத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். பட்டை கறுத்து, வற்றிய குளத்து மண் மாதிரிக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். அடிமரம் நேராகப் போகாது. ஈரத்துணியைப் பிழிந்து விட்டதுபோல முறுகி முறுகி மேலே போகும். கோடரி போட்டால் கோடரிதான் திரும்பி வரும் என்று அந்த ஊரார் சொல்லுவார்கள். ஐந்தில் ஒன்று உள்ளே முழுதும் கோறை, அதற்குள் தேனீ. இன்னொன்று எப்போதோ சரிந்து பாறைமேல் படுத்துவிட்டது, படுத்தபடியே தழைக்கிறது. நடு மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே கரடி ஏறி இறங்கிய நகக்கீறல்கள், பழசுக்கு மேல் புதுசாக. வயது என்னவென்று யாருக்கும் தெரியாது. வன இலாகாக்காரர் ஒருவர் நானூறு என்றார். இன்னொருவர் சிரித்துவிட்டு அதில் பாதி என்றார். நான் முதன்முதலில் அவற்றின் கீழே இருந்து தண்ணீர் குடித்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அவை அன்றைக்கும் இதே கிழட்டுத் தோற்றத்தில்தான் நின்றன.

பிறகு கலவர காலம் வந்தது. அந்த ஊர் ஒரே கிழமையில் எழும்பிப் போனது. மலைக்குப் போகக்கூடாது என்று பலகை போட்டார்கள். கண்ணிவெடி எடுத்து முடிந்து, பலகையையும் எடுத்து, மாடு மேய்க்கிறவர்கள் போய்வரத் தொடங்கிய பிறகுதான் நான் திரும்ப ஏறினேன். அப்போது எனக்கு ஐம்பத்துமூன்று. ஐந்து மரமும் நின்றன. ஒன்றின் இடுப்பில் யாரோ ஒரு காலத்தில் முட்கம்பி சுற்றியிருக்கிறார்கள். மரம் கம்பியை உள்ளே விழுங்கிவிட்டது. இரண்டு பக்கமும் துருப்பிடித்த நுனி மட்டும் வெளியே நிற்கிறது. அன்றிலிருந்து வருடம் தவறாமல், மாரி முடிந்து பழம் தொடங்குவதற்கு முன், அதாவது கரடிகள் அங்கே கூடுவதற்கு முன், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்பாவுக்குத் தெரியும். உனக்குச் சொன்னதில்லை, நீ பயப்படுவாய் என்று. மரங்கள் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை, தம்பி. அப்படிச் சொல்லுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. பேறு, சாவு, பிணக்கு என்று ஊரார் வீடுகளுக்குள்ளேயே வேலை செய்தவளுக்கு, தன்னிடம் ஒன்றும் கேட்காத ஐந்து உருப்படிகளுக்கு நடுவில் இருப்பது ஓய்வாக இருந்தது. அவ்வளவுதான்.

கடைசி ஏழு வருடமாக என்னோடு வருகிறவர் கிண்ணியா ஊர்ப் பரீதா ரீச்சர். கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் நான் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே பிள்ளைகளை வரிசையில் இருத்திப் படம் கீற வைத்துக்கொண்டிருந்தவர். புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து கொப்பியில் எழுதாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. தையல் நாடாவும் கொப்பியும் இல்லாமல் மலைக்கு வரமாட்டார். அன்றும் ஆறரைக்கே ஓட்டோவில் வந்து இறங்கிவிட்டோம். அடிவாரத்தில் சிவராசாவின் வீடு. அவன் அந்த மறுபக்கத்து ஊரில் பிறந்தவன். பிறக்கும்போது முதலில் வெளியே வந்தது கால். என் கையில் தனியாக நடந்த முதல் கால்மாறிப் பேறு அதுதான். இப்போது நாற்பது தாண்டி, ஆறு மாடு, ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம், இரண்டு பெண்பிள்ளைகள் என்று இருக்கிறான். அவன் தாய் பூமணி இடம்பெயர்ந்த முகாமிலேயே செத்துப்போனாள்.

"அம்மா, நேற்றுப் பின்னேரம் குளத்தடியில தனியன் ஒண்டு நிண்டது. மத்தியானத்துக்குள்ள இறங்கிடுங்கோ" என்றான். கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் ஆனையைத்தான் தனியன் என்கிறான்.

"பன்னிரண்டுக்கு உன்ர வீட்டில தேத்தண்ணி" என்று நான் சொன்னேன்.

ஏறுவதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ரீச்சர்தான் மூச்சு வாங்கினார், நான் இல்லை. மேலே போனபோது ஒன்பதரை. வெயில் இலைகளுக்கு மேலேயே நின்றது. பாறையில் ஏறி நின்றால் உள்துறைமுகமும், சீனன்குடாவில் அப்பா வேலை செய்த எண்ணெய்த் தாங்கிக் குதங்களும், கிண்ணியாப் பாலமும் தெரியும். ரீச்சர் எல்லா மரத்துக்கும் நாடா பிடித்தார். நடு மரம் பதினைந்து அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. "மூணு வருசத்துக்கு முந்தியும் இதுதான் மிஸி. ஒரு நூல் கூடக் கூடல்ல" என்று கொப்பியைப் பார்த்துச் சொன்னார். தாதிமாரைக் கூப்பிடுகிற மாதிரி அவருக்கு நான் எப்போதும் மிஸிதான். அவர் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டோம். என் பிளாஸ்கில் இருந்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தோம். கோறை மரத்தில் காதை வைத்துத் தேனீச் சத்தம் கேட்டேன். இவை எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. சம்பலில் உப்புக் கூட என்பதும் நினைவிருக்கிறது.

பத்தரைக்கு இறங்கத் தொடங்கினோம். சுனைக்குக் கீழே ஒரு கவர்ப் பாறை, அதில் பாதை இரண்டாகும். இடது கைப்பக்கம் சிவராசா வீட்டுக்கு. வலது கைப்பக்கம், இப்போது யாரும் போகாத, பழைய ஊருக்கு இறங்கும் வழி. அந்த இடத்தில் எத்தனையோ தடவை யோசிக்காமலே இடது பக்கம் திரும்பியிருக்கிறேன். அந்தப் பாறையில் கைவைத்து நின்றதுவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் என்னிடம் இல்லை. அதில் நடந்ததை ரீச்சர் சொன்னபடி எழுதுகிறேன்.

நான் பாறையடியில் கொஞ்ச நேரம் நின்றேனாம். பிறகு திரும்பி அவரைப் பார்த்து, "ஸ்ரெல்லா மிஸி, ஏன் நிக்கிறீங்கள்? பையை எடுங்கோ, கால் வந்திட்டுது எண்டு ஆள் வந்து சொல்லிப் போட்டுப் போறான்" என்றேனாம். ஸ்ரெல்லா மிஸி எனக்கு வேலை பழக்கியவர், காலமாகி இருபது வருடமாகிறது. ரீச்சர் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை. வலது பக்கம் இறங்கத் தொடங்கிவிட்டேன். "மிஸி, அந்தப் பக்கம் இல்ல, இஞ்சால" என்று கையைப் பிடித்திருக்கிறார். நான் அவர் கையை உதறிவிட்டு, "பூமணிக்கு நேரமில்லை" என்றேனாம். அதற்குப் பிறகு ரீச்சர் தடுக்கவில்லை. தடுத்தால் விழுவேன், விட்டுவிட்டுப் போய் ஆளைக் கூட்டி வந்தால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார். நாற்பது வருடம் ஆள் நடக்காத வழி. முள்ளும் விழுந்த மரமும். நான் ஒரு இடத்திலும் தடுமாறாமல், கிளையை விலக்க வேண்டிய இடத்தில் விலக்கி, குனிய வேண்டிய இடத்தில் குனிந்து இறங்கினேனாம். "உங்கட கண்ணுக்குப் பாதை தெரிஞ்சிரிக்கி மிஸி, எனக்குத்தான் காடு" என்று பிறகு சொன்னார்.

எனக்குத் திரும்பத் தெரிய வந்தபோது ஒரு கிணற்றுக் கட்டில் இருந்தேன். முதலில் வலித்தது வலது கால். செருப்பு இல்லை, பாதத்தில் முள்ளேறி இரத்தம் காய்ந்திருந்தது. முன்னால் இடுப்பளவில் ஒரு சுவர், அதற்குள்ளே நாயுருவிச் செடி. ரீச்சர் எனக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து சுருட்டிய முந்தானையால் என் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், இது எவடம்?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "பழைய ஊர் மிஸி."

"இஞ்ச ஏன் வந்தனாங்கள்?"

"நான்தான் கேட்டன். இந்தப் பக்கம் ஒருநாளும் பாக்கல்லயே, போய்ப் பாப்பமா எண்டு. நீங்க கூட்டி வந்தீங்க."

பதில் மிகவும் விரைவாக வந்தது. மிகவும் பதமாகவும் வந்தது. தம்பி, அந்தக் குரலை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் நானே அந்தக் குரலில் கதைத்திருக்கிறேன். பயத்தைவிட, அகப்பட்டுவிட்டேன் என்ற உணர்வுதான் கூட.

"ரீச்சர், எனக்குப் பதில் செய்து தராதைங்கோ. நடந்ததைச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் அழுதார். பிறகு சொன்னார். நான் குறுக்கிடாமல் கேட்டேன். பிறகு, கிளினிக்கில் ஒரு தாயிடம் கேட்பதைப்போல, எத்தனை மணிக்குத் தொடங்கியது, இடையில் என்ன சொன்னேன், அவரை அடையாளம் தெரிந்ததா, கை கால் இழுத்ததா, வாய் கோணியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, கோணவில்லை. வந்து இந்தச் சுவருக்கு வெளியே நின்று, "பூமணி, கதவைத் திற" என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் கிணற்றடியில் போய் இருந்தேனாம். அது பூமணியின் வீடேதான். கிணற்றுக் கட்டில் அவள் புருஷன் பதித்த சிப்பிகள் இன்னும் இருந்தன.

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அந்தக் காலோடு திரும்ப மலையேற ஏலாது. நடந்து வீதிக்குப் போகவேண்டுமென்றால் குளக்கட்டைத் தாண்டவேண்டும், பின்னேரம் ஆனை இறங்குகிற இடம் அது. ரீச்சரின் போனில் சிக்னல் இல்லை. அறுபத்தைந்து வயது மனுசி சுவரில் ஏறி, சுவரிலிருந்து பக்கத்துப் பாறையில் ஏறி, கையை மேலே தூக்கிப் பிடித்து ஒரு கோடு கிடைத்ததும் சிவராசாவுக்கு எடுத்தார். அவன் பழைய வண்டிப் பாதையால், வழியில் கிடந்த மரத்தைக் கத்தியால் வெட்டி வெட்டி, லாண்ட்மாஸ்ரரைக் கொண்டுவந்து சேர்க்க மூன்றேகால் ஆனது. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் கிணற்றுக் கட்டில் இருந்தோம். அவர் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் காலில் இருந்த முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்னத்துக்கு இஞ்ச இறங்கினீங்கள்?" என்று சிவராசா வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"உன்னைப் பெறுவிக்க வந்தனான்" என்றேன்.

அவன் பெரிதாகச் சிரித்தான். பிறகு ரீச்சரின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. என்னைத் தூக்கி லாண்ட்மாஸ்ரரின் பின்பெட்டியில் இருத்தினான். குளக்கட்டில் ஏறும் இடத்தில் உண்மையாகவே தனியன் நின்றது. சிவராசா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினான். அது காதை விசிறிக்கொண்டு எங்களையே பார்த்தது. ரீச்சர் என் கையைப் பிடித்திருந்த இடம் அடுத்த நாள் நீலமாக இருந்தது. இருபது நிமிடம் அப்படியே இருந்தோம். பிறகு அது தன்பாட்டில் தண்ணீருக்குள் இறங்கிப்போனது. நான் பயப்படவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். மனம் அங்கே இருக்கவில்லை. அப்பாவிடம் இருந்தது.

அப்பாவைப் பற்றி நான் உனக்கு ஒருநாளும் முழுதாகச் சொல்லவில்லை. களஞ்சியத்தில் எந்த ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதன், ஓய்வு பெற்று நாலாம் வருடம் குசினிக்குள் வந்து நின்று, "தண்ணி எவடத்தில எடுக்கிறது?" என்று கேட்டார். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை. நீ அப்போதுதான் வீடு வாங்கியிருந்தாய், அடுத்த வருடம் உனக்கு வேலை மாறியது, அதற்கடுத்து வேறு ஒரு காரணம். ஞாயிறு நீ எடுப்பதற்கு முன் ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுப்பேன். உன் பெயர், உன் மனைவியின் பெயர், அங்கே பனி, கார் வாங்கியதைப் பற்றிக் கேட்கவும். அவர் அதைப் பார்த்து வாசிப்பார். தடுமாறினால் நான் போனை வாங்கி, "அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பேன். முகம் பார்த்துக் கதைக்கிற போன் வேண்டாம், இங்கே இணையம் சரியில்லை என்பேன். இணையத்தில் ஒரு குறையும் இல்லை. சூழ்ச்சியாக நினைத்துச் செய்யவில்லை, அன்பாக நினைத்துத்தான் செய்தேன். ஆனால் செய்தது அதுதான்.

இரண்டாம் வருடத்து நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், நீ சொல்லாமல் வந்தாய். படலையடியில் அப்பா கதிரையில் இருந்தார். உன்னைக் கண்டதும் எழும்பி நின்று, "ஆர் தம்பி நீங்கள்? உள்ளுக்கு வாங்கோ, வெயிலுக்குள்ள நிக்காதைங்கோ" என்றார். அவ்வளவு மரியாதை. நீ பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றாய். அன்று பின்னேரம் நீ கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "ரெண்டு வருசம் அம்மா. ரெண்டு வருசமா நான் அப்பாவோட கதைக்கேல்ல. உங்களோடதான் கதைச்சிருக்கிறன்." நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாளைக்கு வா, மலையில ஒரு பழைய மரம் இருக்கு, உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். கதையை மாற்றத்தான். அந்த மரங்களை நான் தப்பாகப் பாவித்தது அந்த ஒரு தடவைதான். "எனக்கு மரம் பாக்க வேண்டாம் அம்மா" என்றுவிட்டு அறைக்குள் போனாய். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதும் நீ அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மலையால் வந்து நாலாம் நாள் ரீச்சரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியர் இளம் பெண், பொறுமையான பிள்ளை. மணிக்கூடு கீறச் சொன்னார், கீறினேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். மூன்று சொல் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டார். இரண்டுதான் வந்தது. மூன்றாவது இன்னும் வரவில்லை. கொழும்புக்கு அனுப்பித் தலையைப் படம் எடுத்தார்கள். "தொடக்கம் மாதிரி இருக்கு அம்மா. எவ்வளவு காலத்தில கூடும் எண்டு என்னால சொல்ல ஏலாது" என்றார். மருந்து தந்திருக்கிறார்கள். சரியாக எடுக்கிறேன். இதை உனக்குச் சொல்லுவதற்கு இரண்டு மாதம் எடுத்துவிட்டேன். பழைய புத்தி அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் இந்த முறை இரண்டு வருடம் ஆகவில்லை.

இனி உன் கேள்வி. நான் வரவில்லை, தம்பி. படிவங்களைக் கையெழுத்துப் போடாமலே வைத்திருக்கிறேன், நீ வரும்போது எடுத்துக்கொள். இது ஊர்ப்பாசம் இல்லை. யோசித்து எடுத்த முடிவு. புது வீட்டில் எனக்குக் கழிப்பறைக் கதவு எது என்று பழகுவதற்குள் மற்றதெல்லாம் போய்விடும். நீயும் உன் மனைவியும் வேலைக்குப் போனபின் நான் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கினால் அங்கே என்னை யார் என்று யாருக்குத் தெரியும்? இங்கே நான் எந்த வீதியில் நின்று முழித்தாலும் மிட்வைப் அம்மா என்று கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட ஆட்கள் இருக்கிறார்கள். சிவராசாவின் மூத்த மகள் பட்டணத்தில் தாதியாகப் படிக்கிறாள், வாற மாதத்திலிருந்து மேல் அறையில் தங்கப் போகிறாள். ரீச்சர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். அடுப்பை மாற்றித் தானாக அணைகிற ஒன்றை வாங்கிவிட்டேன். வீட்டை உன் பெயருக்கு எழுதுவதற்கு உறுதி எழுதும் நொத்தாரிஸிடம் கதைத்திருக்கிறேன், நான் சொல்லுவது எனக்கு விளங்குகிறது என்று அவர் எழுதக்கூடிய காலத்துக்குள் அது முடியவேண்டும். மலைக்கு இனித் தனியாகப் போவதில்லை என்று சிவராசாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் முன்னால் போக, நான் நடுவில், ரீச்சர் பின்னால் என்று போன கிழமை ஒருமுறை போய் வந்தோம். மரங்கள் நிற்கின்றன. பழம் தொடங்கிவிட்டதால் அதிகநேரம் நிற்க அவன் விடவில்லை.

புத்திமதி சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். யாராவது உனக்கு முன்னால் தடுமாறினால் அவருக்காக நீ பதில் சொல்லாதே. அவர் தடுமாறட்டும், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். எனக்கும் அப்படியே செய். ஒரே கதையை இரண்டாம் தரம் சொன்னால், சொல்லிவிட்டீர்கள் என்று சொல். பெயரை மாற்றிக் கூப்பிட்டால் திருத்து. வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

இந்த வருடமே ஒரு மாதம் லீவு எடுத்துக்கொண்டு வா. என்னைப் பார்த்துக்கொள்வதற்கு அல்ல, அதற்கு ஆள் இருக்கிறது. அன்று கடற்கரையால் வந்து நீ என்னிடம் சொன்னது இரண்டு வரிதான். அதற்குப் பின்னால் நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே, இனி என்னத்தைச் சொல்ல என்று இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அதை விழுங்கிவிடாதே. வந்து, எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, முழுதாகச் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன், கதையை மாற்றவும் மாட்டேன். உன்னிடமிருந்து அப்பாவை இரண்டு வருடம் மறைத்து வைத்தவள் இப்போதைக்கு இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடமே சொல்லிவிடு.

அம்மா